"அம்மாவுக்கும் அப்படித்தான்" என்பதால்தான் டொக்டரிடம் போக வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றப் பெண்களும் வாசிக்கட்டும். நீங்கள் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறீர்கள். வயது 31, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் லூப் போட்டீர்கள். அதிலிருந்து மாதா மாதம் அதிகமாகப் போகிறது, இப்போது மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. உங்கள் தங்கைக்கு 17 வயது. பெரிய மனுஷியான நாளிலிருந்தே அவளுக்கு எட்டு, ஒன்பது நாள் போகிறது, கட்டி கட்டியாக விழுகிறது, வலியில் சுருண்டு படுக்கிறாள், போன மாதம் பாடசாலையில் மயங்கி விழுந்தாள். டிஸ்பென்சரியில் பனடோல் தருகிறார்கள். அம்மா, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கல்யாணம் கட்டினா சரியாயிரும்" என்கிறார். இடையில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: தங்கைக்குப் பல் பிடுங்கியபோது இரண்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. அவள் பிறந்தபோது அம்மாவுக்கு நிறைய ரத்தம் போய் இரண்டு பைந்த் ஏற்றினார்கள். இது சாதாரணமா, எங்கே போவது, என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள்.

நான் மலையகத்தில் பெண் நோயியல் வார்டில் தாதியாக வேலை செய்தவள். நீங்கள் எழுதியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை அந்த இரண்டு வரிகள்தான்.

"அம்மாவுக்கும் அப்படித்தான்" என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் சமாதானமாகிவிடுகிறோம். டொக்டரின் காதில் அதே வார்த்தை வேறு மாதிரி விழும். ரத்தம் உறைவதில் உள்ள சில குறைபாடுகள், கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ரொய்ட் கட்டிகள், எண்டோமெட்ரியோசிஸ் (என்னவென்று கீழே விளக்குகிறேன்) எல்லாமே குடும்பத்தில் தொடரக்கூடியவை. தாயும் மகளும் ஒரே மாதிரிக் கஷ்டப்பட்டார்கள் என்றால், இரண்டு பேருக்கும் பார்க்காமல் விட்ட ஒரே காரணம் இருக்கலாம். ஆகவே அம்மா சொன்னதை மறுத்து அவருடன் சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள்.

தங்கையின் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். முதல் மாதவிடாயிலிருந்தே அதிக ரத்தப்போக்கு, பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத ரத்தம், தாய்க்குப் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு: இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தால் ரத்தம் உறைவதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். பிறவியிலேயே வரும் ரத்தப்போக்குக் குறைபாடுகளில் அதிகமாகக் காணப்படுவது வொன் வில்லிபிராண்ட் நோய். ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவாக இருக்கும், அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆனால் பெண்ணுக்கு மாதா மாதம் ரத்தம் போவதாலும் பிரசவம் இருப்பதாலும் அவளைத்தான் அது அதிகம் படுத்தும். மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காமல் இருப்பது, அடிபட்ட ஞாபகமே இல்லாமல் தோலில் நீலம் பாரிப்பது, பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வருவது, இவை அவளுக்கோ அம்மாவுக்கோ மாமாமாருக்கோ இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. 17 வயதில் முட்டை ஒழுங்காக வெளிவராமல் இருப்பதாலும் அதிகமாகப் போகும், தைரொய்ட் குறைவாலும் போகும். ஆனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் எந்த டொக்டராலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இதனால் ஒரு எச்சரிக்கை. மாதவிடாய் வலிக்குப் பாமசியில் பொதுவாகத் தருவது மெஃபனமிக் அசிட் அல்லது ஐபுபுரோஃபன். நல்ல மருந்துகள், கீழே விளக்குகிறேன். ஆனால் உறைவதில் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள பிள்ளைக்கு அவை ரத்தப்போக்கைக் கூட்டிவிடக்கூடும். அஸ்பிரினும் அப்படித்தான். டொக்டர் பார்த்துச் சொல்லும் வரை தங்கைக்குப் பனடோலும் அடிவயிற்றில் சுடுதண்ணி ஒத்தடமும் மட்டும் போதும். ஒத்தடத்தைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட வேண்டாம், சூடு கர்ப்பப்பைத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது ஆராய்ச்சிகளிலும் தெரிந்த விஷயம்தான்.

எவ்வளவு போனால் அதிகம் என்பதைச் சொல்கிறேன். ஒரு மாதவிடாயில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லிலீற்றர். பாணி மருந்து ஊற்றும் 5 மில்லி கரண்டியால் அளந்தால் ஆறு, எட்டுக் கரண்டி. 80 மில்லிக்கு மேல், அதாவது பதினாறு கரண்டிக்கு மேல் போனால் அதிகம் என்று முன்பு கணக்கு வைத்திருந்தார்கள். யாரும் வீட்டில் அளந்து பார்ப்பதில்லை என்பதால் இப்போது டொக்டர்மார் வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா, இரவில் மாற்றுவதற்கென்றே எழும்புகிறீர்களா, நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி விழுகிறதா, உடுப்பும் படுக்கையும் நனைகிறதா, வேலைக்கோ பாடசாலைக்கோ போகாமல் நிற்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலே போய்க் காட்டக் காரணம் இருக்கிறது.

கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இந்தக் கணக்கு தப்பாகப் போகும் என்பதை வெளியிலிருந்து வரும் டொக்டர்மார் சில நேரம் கவனிப்பதில்லை. மலையில் கழிவறை இல்லை. காலையில் வைத்த துணியோடு பின்னேரம் வரை நிற்கிறோம். "ஒரு நாளைக்கு எத்தனை மாத்துறீங்க?" என்று கேட்டால் "ரெண்டு" என்று பதில் வரும், டொக்டரும் அதைச் சாதாரணம் என்று எழுதிவிடுவார். மாற்ற இடமில்லாததால் இரண்டு என்பதையும், வீட்டில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணி பாவிக்கிறவர்கள், துணி முழுக்க ஊறி வெளியே வருகிறதா என்று சொல்லுங்கள்.

இனி வலி. இது தங்கையை விட மற்ற வாசகிகளுக்கு. மாதவிடாய் வரும்போது கர்ப்பப்பையின் உள்சுவரில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது. அந்த இறுக்கம்தான் வலி. அதே பொருள்தான் வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்றல் எல்லாவற்றுக்கும் காரணம். பெரிய மனுஷியாகி ஓரிரு வருடத்துக்குள் தொடங்கி, ரத்தம் வரும் முதல் ஒன்று, இரண்டு நாளில் மட்டும் இருந்து, பிறகு குறைகிற வலி பெரும்பாலும் இந்த வகை. உள்ளே நோய் ஏதும் இல்லை. ஆனால் நோய் இல்லை என்பதற்காக அந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று யாரும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். மெஃபனமிக் அசிடும் ஐபுபுரோஃபனும் அந்தப் புரொஸ்டகிளாண்டின் உருவாவதையே குறைக்கின்றன. பனடோல் அந்த அளவுக்குச் செய்வதில்லை. நம் பெண்கள் செய்கிற தவறு, தாங்க முடியாமல் போன பிறகு ஒரு குளிசை போடுவது. வலி தொடங்கிய உடனே, சாப்பிட்ட பிறகு, டொக்டர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் இரண்டு, மூன்று நாள் போட வேண்டும். வளர்ந்தவர்களுக்கு மெஃபனமிக் அசிட் வழக்கமாக 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இந்த வகைக் குளிசைக்கு இழுப்பு வருகிறவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் போடக்கூடாது. இதைப் போட்டால் பிள்ளை தங்காமல் போய்விடும் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு, மாதத்தில் மூன்று நாள் வலிக்குப் போடுவதால் அப்படி ஒன்றும் ஆகாது.

காய்ச்சல் இருக்கும்போது மட்டும் இவற்றைத் தொடவே வேண்டாம். நம் நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ஐபுபுரோஃபன், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் மூன்றும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலோடு மாதவிடாயும் வந்து வழக்கத்தை விட அதிகமாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வேறு மாதிரியான வலியும் உண்டு. வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போவது, ரத்தம் வருவதற்குச் சில நாள் முன்பே தொடங்குவது, அந்த நாட்களில் மலம் போகும்போது குத்துவது, கணவனோடு சேரும்போது உள்ளே வலிப்பது, பிள்ளை தங்காமல் இருப்பது. இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்கிறது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "கல்யாணம் கட்டினா சரியாயிரும்" என்ற பேச்சு அதிகம் கெடுப்பது இவர்களைத்தான். கல்யாணம் அதற்கு மருந்து அல்ல. இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கள்: ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். ஸ்கேன் துண்டைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று அனுப்பினாலும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி போங்கள்.

உங்களுடைய பிரச்சினை தங்கையினுடையதிலிருந்து வேறாக இருக்கலாம். செப்பு லூப் போட்டால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் ரத்தமும் வலியும் கூடுவது தெரிந்த விஷயம், பிறகு பலருக்குக் குறையும். உங்களுக்குக் குறையவில்லை. லூப் இடம் நகர்ந்திருக்கலாம், அல்லது லூப்போடு சம்பந்தமில்லாமல் ஃபைப்ரொய்ட் இருக்கலாம். அம்மாவின் கதை உங்களுக்கும் பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம், நீங்களும் அதே வீட்டுப் பிள்ளைதானே. லூப்பை எடுத்துவிடுவது உங்கள் உரிமை, அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் அடுத்து என்ன முறை என்று பேசிக்கொள்ளுங்கள். டெப்போ ஊசியும் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் பலருக்கு ரத்தத்தைக் குறைக்கின்றன. டெப்போவில் முதல் மாதங்களில் ஒழுங்கில்லாமல் கசிவது உண்டு. ஹோர்மோன் உள்ள லூப் இன்னொரு வகை. ரத்தத்தைக் குறைப்பதில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியது குறைவு, ஆனால் விலை அதிகம். கருத்தடை ஒப்பரேஷன் செய்த பிறகு அதிகமாகப் போகிறது என்று சொல்கிற அக்காமார் பலர் உண்டு. ஒப்பரேஷனால் அல்ல, அதற்கு முன் பாவித்த ஊசியோ குளிசையோ நின்றுபோனதால் பழைய அளவு திரும்பி வருவதுதான் பெரும்பாலும் காரணம். அப்படியென்றால் பழைய அளவே அதிகமாக இருந்திருக்கலாம், அதையும் காட்டத்தான் வேண்டும்.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவதை வயசு என்று நினைக்காதீர்கள், 31 ஒரு வயசா? ஒரு மில்லிலீற்றர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுப்பது 1, 2 மில்லிகிராம்தான், அதிலும் ஒரு பகுதி தினசரி இழப்புக்கே சரி. கடனை அடைக்க முடியாது. களைப்பு, தலையிடி, நெஞ்சு படபடப்பு, நகம் குழிவது, முடி கொட்டுவது, பச்சரிசியோ சுவர்ச் சுண்ணாம்போ தின்ன ஆசை வருவது, இவையெல்லாம் இரும்புக் குறைவின் அடையாளங்கள். பச்சரிசி தின்கிறவளைத் திட்டுவதை விட்டு ரத்தம் பார்க்கக் கூட்டிப் போங்கள்.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மலைநாட்டுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயரமான இடத்தில் வாழ்கிறவர்களின் உடம்பு இயல்பாகவே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தச் சொல்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 12.2 என்று இருந்து, களைப்பும் இருந்தால், "நோர்மல்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்ப வேண்டாம். ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று கேளுங்கள், இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். ரத்தம் குறைவு என்று வந்தும் இரும்புக் குளிசையில் ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற ரத்த நோய் பரம்பரையில் இருக்கிறதா என்றும் டொக்டர் பார்ப்பார்.

சாயத்தை, அதாவது வெறும் தேத்தண்ணியை, பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காலையில் ரொட்டியும் சாயமும், பத்து மணிக்கு மறுபடி சாயம், மத்தியானம் சோற்றோடு சாயம். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, மரக்கறி, தானியம், பருப்பில் உள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் தடுத்துவிடும். நிறுத்தச் சொல்லவில்லை, குளிரில் அது இல்லாமல் முடியாது. சாப்பாட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். ரொட்டியோடு சம்பலில் தேசிக்காய் தாராளமாகப் பிழியுங்கள், புளிப்பில் உள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். நெத்தலிக் கருவாடு, ஈரல், டின் மீன், கௌப்பி, முருங்கைக்கீரை எது முடியுமோ அது. ஆனால் ஏற்கெனவே குறைந்த இரும்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது, குளிசை வேண்டும். அதையும் சாயத்தோடு விழுங்கக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தம் ஏறிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டியிருக்கும்.

எங்கே போவது? உங்கள் லூப்புக்கு முதலில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம், அதாவது உங்கள் பிரிவுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கு அனுப்புவார், லூப் சரியாக இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். தங்கையை டிஸ்பென்சரியோடு நிறுத்த வேண்டாம். அங்கே ரத்தம் பரிசோதிக்க வசதி இல்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போய் ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, வீ.ஓ.ஜீ. (பெண் நோயியல், மகப்பேற்று நிபுணர்) கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். தேவைப்பட்டால் நுவரெலியாவுக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். வொன் வில்லிபிராண்டுக்கான பரிசோதனை எல்லா இடத்திலும் செய்வதில்லை. சாதாரண உறைதல் பரிசோதனை சரியாக வந்தாலும் அந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்பதால், அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும், அது எனக்கும் தெரியும்.

ஓ.பி.டி.யில் டொக்டர் உங்களுக்குத் தருவது சில நிமிடம். அதற்குள் வெட்கமும் சேர்ந்தால் "வயித்து வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தோடு வந்துவிடுவோம். ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள்: கடைசி மூன்று மாதமும் எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மாற்றினாள், கட்டி விழுந்ததா, எந்த நாள் பாடசாலைக்குப் போகவில்லை, மயங்கிய தேதி. பல் பிடுங்கிய கதையையும் அம்மாவுக்கு ரத்தம் ஏற்றியதையும் தனி வரியாக மேலே எழுதுங்கள். டொக்டருக்குத் தமிழ் வராது, நமக்குச் சிங்களம் சரியாக வராது என்றாலும் தேதியும் எண்ணும் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். மிச்சத்துக்குத் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவரைக் கேளுங்கள்.

கல்யாணம் கட்டாத பிள்ளையை உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ என்ற பயத்தால்தான் அம்மாமார் பலர் பெண் பிள்ளையைக் கூட்டி வருவதில்லை. தங்கை போன்ற பிள்ளைக்குப் பேசிக் கேட்பதும், ரத்தம் எடுப்பதும், வயிற்றின் மேலே வைத்துச் செய்யும் ஸ்கேனும்தான் முதலில். அந்த ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். எந்தப் பரிசோதனைக்கும் முன்பு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், பக்கத்தில் அம்மாவோ மிஸ்ஸியோ நிற்கக் கேட்கலாம். அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எழுதினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். ரத்தத்தைக் குறைக்க அதையே மருந்தாகக் கொடுப்பார்கள், நிறுத்தியதும் பிள்ளை பெறும் சக்தி திரும்பிவிடும். ட்ரனெக்ஸாமிக் அசிட் என்று இன்னொரு குளிசை உண்டு, ஹோர்மோன் அல்ல. அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் போடுவது, ஏறக்குறையப் பாதி வரை ரத்தத்தைக் குறைக்கும். முன்பு காலிலோ நெஞ்சிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொருந்தாது, அதனால் டொக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம் என்று நீங்களாகவே கேட்டுப் போகாதீர்கள். இந்த மருந்துகளையெல்லாம் பார்த்த பிறகு, தேவையானவர்களுக்கு, கடைசியில் வருவது அது.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகியிருந்து, அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் அவர் வீ.ஓ.ஜீ.யிடம் போக வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் காட்டிக்கொள்ளும். கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் வருகிற எந்த வயதுப் பெண்ணும் காட்ட வேண்டும். உங்களுக்கு 35 ஆகும்போது கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குச் சுகவனிதையர் கிளினிக்குக்கு மிஸ்ஸி கூப்பிடுவார், தவறாமல் போங்கள்.

காத்திருக்கக்கூடாத நேரங்களும் இருக்கின்றன. ஒரு மணிக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு அடித்துக்கொண்டால், மயங்கினால், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மாதம் தள்ளிப் போய், பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி, தோள்பட்டை நுனி வலித்துத் தலை சுற்றினால் அது கரு குழாயில் தங்கி வெடித்ததாக இருக்கலாம். லூப் இருந்தாலும் இது நடக்கும். அம்புலன்ஸ் லயத்து வாசல் வரை வர முடியாத பாதை என்றால் தோட்டத்து வண்டியை உடனே கேளுங்கள், பெரிய ரோட்டில் சந்திக்கலாம்.

தங்கையை இந்த மாதவிடாய் முடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். மருந்து தொடங்கினால் மூன்று மாதம் கொப்பியில் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். குறையவில்லை என்றால் அதே கிளினிக்குக்கு அதே கொப்பியோடு திரும்பிப் போய், வேறு மருந்து கேளுங்கள்.